லாரியில் வந்த வீடுகள்!

வீடு மாற்றிப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டில், பீரோ, பாத்திரம் பண்டம், பூந்தொட்டி எல்லாம் லாரியில் ஏறும். கடைசியாகப் பூனைக்குட்டியும் ஏறும். ஆனால், வீடே லாரியில் ஏறி ஊர் விட்டு ஊர் போனதைப் பார்த்திருக்கிறீர்களா?

தூண், கதவு, ஜன்னல், உத்தரம், ஓடு, படிக்கல் என்று தனித்தனியாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் கொண்டு வந்து மறுபடியும் பூட்டியிருக்கிறார்கள். அதுவும் ஒரு வீட்டை அல்ல, ஒரு தெருவே அமைக்கும் அளவுக்கு!

அந்த வீடுகள் இருக்கும் இடத்தின் பெயர் தட்சிணசித்ரா. 'தெற்கின் சித்திரம்' என்று பொருள். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் போனால் முட்டுக்காடு வரும். படகு சவாரிக்குப் பெயர் போன ஊர். அங்கேதான், வங்காள விரிகுடாவின் காற்று வந்து மோதும் 10 ஏக்கர் மணல் பூமியில், தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று தென்னாட்டு வீடுகள் 18 நிற்கின்றன. சிலவற்றை அவற்றின் சொந்த ஊரில் பிரித்து எடுத்து வந்தார்கள். மண் வீடு, கூரை வீடு போன்றவற்றை அந்தந்த ஊர் முறைப்படி இங்கேயே கட்டினார்கள்.

அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டி, 'தொடாதே' என்று ஒரு பலகை, தூங்கி வழியும் காவலர்... இதுதானே நம் நினைவுக்கு வரும்? இங்கே திண்ணையில் உட்காரலாம். முற்றத்தில் நிற்கலாம். நிலைப்படியில் தலை இடித்துக்கொள்ளலாம்! (பழைய வீடுகளில் சில வாசல்கள் குள்ளமானவை. உயரமான அண்ணன்கள் ஜாக்கிரதை!)

இந்த வீடுகள் தாங்களாக விரும்பி ஊரை விட்டு வரவில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

27 பங்காளிகளும் ஒரு ஓட்டை ஓடும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் போனவர்களுக்குச் செட்டிநாட்டு வீடுகளைத் தெரிந்திருக்கும். அரண்மனை மாதிரி இருக்கும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்! எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்துவிட்டு முன்வாசலில் நின்றால், கட்டு கட்டாகத் தாண்டி, பின்வாசல் வெளிச்சம் சின்னப் புள்ளியாகத் தெரியும்.

அந்த வீட்டுத் தூண்களில் பல, கடல் கடந்து வந்தவை. நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டு வணிகர்கள் பர்மாவில் (இன்றைய மியான்மர்) வட்டித் தொழில் செய்தார்கள். நல்ல வருமானம். அங்கிருந்து தேக்கு மரங்களைக் கப்பலில் கொண்டு வந்து வீட்டுக்குத் தூண் நிறுத்தினார்கள். சுவருக்குப் பூசும் சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்த்து அரைத்தார்கள். பூச்சு காய்ந்தபின் தொட்டுப் பார்த்தால் பளிங்கு போலச் சில்லென்று இருக்கும்.

பிறகு காலம் மாறியது. 1930களில் உலகம் முழுவதும் பொருளாதார மந்தம். 1942ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. அங்கிருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். பலர் கால்நடையாகவே காட்டு வழியில் வந்தார்கள். பர்மாவில் போட்ட பணம் போனது போனதுதான்.

வீடு மட்டும் மிஞ்சியது. இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். வீட்டைக் கட்டிய தாத்தாவுக்கு மூன்று மகன்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மும்மூன்று மகன்கள். அவர்களுக்கும் அப்படியே. மூன்றாவது தலைமுறையில் எத்தனை பங்காளிகள்? 27. ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் துபாயில். ஒரு மழை நாளில் கூரையில் ஓர் ஓடு உடைகிறது. மாற்ற வேண்டும். யார் மாற்றுவது? 'எல்லாருக்கும் சொந்தம்' என்றால், சில சமயம் 'யாருக்கும் சொந்தமில்லை' என்று ஆகிவிடும்!

அந்த ஓட்டை வழியாக மழைநீர் இறங்கும். உத்தரம் உளுத்துப் போகும். கரையான் வரும். கடைசியில் பங்காளிகள் கூடிப் பேசி, வீட்டை இடிப்பதற்கு விற்றுவிடுவார்கள். வாங்குகிறவருக்கு வீடு வேண்டாம். மரம்தான் வேண்டும். தேக்குத் தூணுக்கு இன்றைக்கும் கிராக்கி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் யாரோ ஒரு ஆச்சி மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த கதவு, அங்கே விலைச்சீட்டோடு சாய்ந்து நிற்கும். அது ஒரு ஹோட்டலின் வரவேற்பறைக்குப் போகலாம். சாப்பாட்டு மேஜையாகவும் மாறலாம்.

செட்டிநாட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். கேரளத்திலும் கர்நாடகத்திலும் இதே கதைதான். காரணங்கள்தான் கொஞ்சம் வேறு.

அமெரிக்காவிலிருந்து வந்த மருமகள்

டெபோரா தியாகராஜன், அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டுக்கு மருமகளாக வந்தவர். கலை வரலாறு படித்தவர். கிராமம் கிராமமாகச் சுற்றியபோது, அழகழகான வீடுகள் மரத்துக்காக இடிபடுவதைப் பார்த்தார். 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. 1984ல் நண்பர்களோடு சேர்ந்து 'மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அரசிடமிருந்து முட்டுக்காட்டில் குத்தகைக்கு நிலம் கிடைத்தது. தட்சிணசித்ரா மக்களுக்காகத் திறக்கப்பட்டது 1996 டிசம்பர் 14 அன்று. நடுவில் எத்தனை வருஷம் என்று எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு! வீடுகளை இடம் மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

எங்கே எந்த வீடு, எங்கே தெரு, எங்கே மரம் என்று இந்த வளாகத்துக்குத் திட்டம் வகுத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1917ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். பிறகு இந்தியாவையே தன் நாடாக ஏற்று, 2007ல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். 'பக்கத்தில் என்ன கிடைக்கிறதோ அதைக் கொண்டு, செலவு குறைவாக, காற்றோட்டமாகக் கட்டு' என்பதுதான் அவர் பாணி. அவரிடம் தொழில் கற்ற பென்னி குரியகோஸ், திட்டத்தைக் கட்டடமாக்கினார்.

வீட்டைக் கழற்றுவது எப்படி?

உங்கள் சைக்கிளைக் கழற்றிப் பூட்டியிருக்கிறீர்களா? கடைசியில் இரண்டு நட்டு மிச்சம் இருக்குமே! வீட்டில் அப்படி மிஞ்சக் கூடாது. அதனால் முதலில் பேனாவுக்குத்தான் வேலை. வீட்டை மூலை மூலையாக அளந்து வரைவார்கள். எல்லாப் பக்கமும் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு கட்டைக்கும், ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடுப்பார்கள். அந்த எண் வரைபடத்திலும் இருக்கும், கட்டையிலும் இருக்கும்.

பிறகு பிரிப்பது. கட்டும்போது கடைசியாக வந்தது, பிரிக்கும்போது முதலில் போகும். ஓடு, பிறகு ஓடு தாங்கும் ரீப்பர், கைமரம், உத்தரம், தூண், கடைசியில் தூணின் அடிக்கல். பழைய தச்சர்கள் பல இடங்களில் ஆணியே அடிக்கவில்லை. ஒரு கட்டையில் நாக்கு மாதிரி ஒரு முனை இருக்கும். அதற்குக் கழுந்து என்று பெயர். இன்னொரு கட்டையில் அதற்குச் சரியாக ஒரு துளை. இதை அதில் செருகினால் கூரையின் கனமே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆணி இல்லாததால், பொறுமையாக எடுத்தால் உடையாமல் கையோடு வரும். நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டிய தச்சர், பின்னால் ஒருநாள் யாரோ இதைக் கழற்றப் போகிறார்கள் என்று நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் அவர் வேலை உதவிக்கு வந்தது.

சரி, மரம் வரும், கல் வரும், ஓடு வரும். எது வராது தெரியுமா?

சுவர்! செங்கல்லும் சுண்ணாம்பும் மண்ணும் சேர்ந்த சுவரைப் பெயர்த்தால் புழுதிதான் மிஞ்சும். அதனால் பழைய வீட்டின் சுவர்களில் பெரும்பகுதி சொந்த ஊரிலேயே தங்கிவிட்டது. இங்கே அதே அளவில் புதிய சுவர் எழுப்பினார்கள். அதையும் யாரோ கட்டிட முடியாது. அந்தந்த வட்டாரத்துத் தச்சர்களும் கொத்தர்களும் வந்து கட்டினால்தான் கைவண்ணம் சரியாக வரும்.

வீடுகளைப் பெயர்த்து ஓரிடத்தில் நிறுத்தும் யோசனை உலகத்துக்குப் புதிதல்ல. ஸ்வீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோமில், 1891லேயே ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் 'ஸ்கான்சன்' என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கிவிட்டார். உலகில் இப்படிப்பட்ட இடங்களுக்கெல்லாம் அதுதான் அண்ணன்.

வாங்க, தெருவுக்குள் போவோம்

முதலில் செட்டிநாட்டு வீடு. திண்ணையைத் தாண்டி, கனத்த கதவைத் தாண்டி உள்ளே போனால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டிச் சின்னச் சின்ன அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. 'இவ்வளவு பெரிய வீட்டில் இத்துனூண்டு அறையா?' என்று தோன்றும். அந்த அறை படுப்பதற்கு அல்ல, சாமான் வைப்பதற்கு! கல்யாணத்துக்கு வந்த பித்தளையும் வெள்ளியும் பட்டும் பீங்கானும் அதற்குள்ளே. மனிதர்கள் காற்றாட வெளியே தாழ்வாரத்தில் படுத்தார்கள். இன்னொரு விசேஷம், ஒரே வீட்டில் இருந்தாலும் மகன்களுக்கு அடுப்பு தனித்தனி. ஒரே கூரைக்குக் கீழே கூட்டுக் குடும்பமும் தனிக் குடித்தனமும் சேர்ந்தே நடந்திருக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளின் தரைக்கு அழகு ஆத்தங்குடிக் கல். அதைச் செய்கிற விதம் வேடிக்கையானது. தலைகீழாகச் செய்வார்கள்! ஒரு கண்ணாடித் துண்டின்மேல் தகரத்தாலான பூ அச்சை வைத்து, வண்ண சிமெண்டுக் குழம்பை அந்தந்தக் கட்டத்தில் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். பிறகு கண்ணாடி தானாகப் பிரிந்துவிடும். கண்ணாடி பட்ட பக்கம்தான் முகம். அதனால்தான் அத்தனை வழவழப்பு. சூளையில் சுடுவதே இல்லை.

அடுத்து அக்கிரகாரத்து வீடு. திருநெல்வேலிச் சீமையின் ஆம்பூரிலிருந்து வந்தது. (பிரியாணி ஆம்பூர் வேறு, இது வேறு!) வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இடைவெளி கிடையாது, ஒரே சுவர்தான். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும்.

இந்தத் திண்ணையில் உட்கார்ந்து கொஞ்சம் பேசுவோம். 'அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் வந்து படுத்துக்கொள்ளத்தான் திண்ணை கட்டினார்கள்' என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. எல்லா வழிப்போக்கருக்கும் அந்தத் திண்ணையில் இடம் கிடைக்கவில்லை. இந்த மாதிரித் தெருக்களில் சிலர் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. சிலர் தெருவுக்குள் காலே வைக்கக் கூடாது. காரணம் சாதி. வீட்டுக்குள்ளேயும் சட்டம் உண்டு. மாதத்தில் மூன்று நாள் பெண்கள் கொல்லைப் பக்கம்தான் ஒதுங்கி இருக்க வேண்டும். அழகான வீட்டில் அழகில்லாத பழக்கமும் குடியிருந்தது. இங்கே டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் அந்தத் திண்ணையில் இடம் உண்டு. ஒரு பள்ளிக்கூடமே வந்து வரிசையாக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் காட்சி, எனக்கு அந்தத் தூண்களைவிட அழகாகத் தெரிகிறது.

காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டில் தறிதான் எஜமானர். தறிக்கு இடம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில்தான் மனிதர்கள் குடியிருப்பார்கள். நெசவாளர் தரையில் ஒரு குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பார். கால் மிதியை மாற்றும், கை நாடாவை எறியும். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், இரண்டையும் கோத்து நெய்ய வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். அதற்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். ஒரு காலத்தில் அந்த இன்னோர் ஆள் பெரும்பாலும் உங்கள் வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய நேரத்தில் தறியில் உட்கார்ந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தறியின் 'சடக் சடக்' சத்தத்தைக் கேட்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேரளப் பக்கம் திரும்பினால், கோட்டயம் அருகே புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு. 1850 வாக்கில் கட்டியது. எல்லாம் மரம், மரம், மரம்! நெல் அறைதான் வீட்டின் முகமே. வாசலில் நுழைகிறவரின் கண்ணில் முதலில் படுவது நெல் வைக்கும் இடம். 'எங்கள் வீட்டில் பசி இல்லை' என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி. அங்கே மழை கொட்டித் தீர்க்கும். அதனால் கூரை செங்குத்தாகச் சரிந்து, சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருக்கும். வீட்டுக்கே குடை பிடித்த மாதிரி.

எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், ஆந்திரக் கடற்கரையின் சுட்டில்லு என்பேன். தெலுங்கில் 'சுட்டு' என்றால் சுற்று, 'இல்லு' என்றால் வீடு. வட்ட வீடு! விசாகப்பட்டினம் பக்கத்து மண் வீடு இது. மூலையே கிடையாது. ஏன் வட்டம்? அது புயல் அடிக்கும் கடற்கரை. தட்டையான சுவரில் காற்று முழு வேகத்தோடு மோதும். வட்டச் சுவரில் வழுக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடும். கூம்பு மாதிரியான கூரை, தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்து வந்து காற்றுக்குப் பிடி கொடுக்காமல் இருக்கும். இந்த வீட்டைக் கட்டியவர்கள் இயற்பியல் பாடம் படித்தவர்கள் அல்ல. புயலிடம் பாடம் படித்தவர்கள்.

கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடும் இருக்கிறது. அந்த ஊரில் வெயில் சுட்டெரிக்கும், மரம் குறைவு, கல்லுக்குப் பஞ்சமில்லை. அதனால் தடித்த கல் சுவர். பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், போதும்.

வீட்டுக்கு உயிர் வரும் நாள்

சும்மா ஒரு நாள் போனாலும் குயவர் வீட்டில் திரிகை சுற்றும். உட்கார்ந்து உங்கள் கையால் ஒரு சட்டி பண்ணிப் பார்க்கலாம். (முதல் சட்டி கோணலாகத்தான் வரும். கவலை வேண்டாம்!) கிளி ஜோசியரும் இருப்பார். ஆனால் இந்த இடத்தைப் பார்க்கச் சரியான நேரம், பொங்கல் மாதிரித் திருவிழா நாட்கள்தான்.

வாசலெல்லாம் மாக்கோலம். முற்றத்தில் புதுப்பானை. தெருவில் பறையும் கரகமும் பொய்க்கால் குதிரையும். கைவினைஞர்கள் வரிசையாகக் கடை விரித்திருப்பார்கள். பனையோலைக் கிலுகிலுப்பை, மரச் செப்பு, சுடுமண் பொம்மை, கண்ணாடி வளையல் என்று ஊர்த் திருவிழாச் சந்தையே வந்து இறங்கிவிடும். வெறும் கட்டடமாக நின்ற வீட்டில் புகை வருகிறது, சத்தம் வருகிறது, யாரோ யாரையோ அதட்டுகிறார்கள். அப்போதுதான் அது வீடு.

இந்தச் சந்தையில் ஓர் ஐந்து நிமிஷம் பானை செய்கிறவர் முன்னால் நில்லுங்கள். பெரிய பானை திரிகையிலிருந்து இறங்கும்போது அதற்கு அடிப்பாகமே இருக்காது! ஆமாம், அடியில் ஓட்டை. நூலால் அறுத்து எடுத்து, கொஞ்சம் காயவைத்து, பிறகு உள்ளே ஒரு வழவழப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டியே அடியை மூடுவார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து பானை பெரிதாகும். எங்கே நிறுத்துவது? அது காதுக்குத் தெரியும். சத்தம் மாறும். எந்தப் புத்தகத்திலும் இதை எழுதிக் கற்றுக்கொடுக்க முடியாது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மகன் கேட்க வேண்டும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மகள் கேட்க வேண்டும்.

தோற்பாவைக் கூத்தும் அப்படித்தான். ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்கி, பொம்மையாக வெட்டி வண்ணம் தீட்டுவார்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு. ராமர், சீதை, ராவணன், அனுமார் எல்லாருக்கும் ஒரே மனிதர் குரல் கொடுப்பார். ராவணனாகக் கர்ஜித்த அதே வாய் மறுநொடி சீதையாக அழும்! இன்று இந்தக் கூத்து ஆடும் குடும்பங்கள் மிகவும் குறைந்துவிட்டன.

2020ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது அருங்காட்சியகங்கள் மூடப்பட்டன. திருவிழாக்கள் நின்றன. மூடிக் கிடந்தாலும் தூணுக்கும் ஓட்டுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பானைக்காரருக்கும் பொம்மைக்காரருக்கும் கூத்துக்காரருக்கும் அப்படியா? அவர்களுக்குச் சந்தை இல்லாத நாள் அடுப்பு எரியாத நாள். அந்த மாதிரி இரண்டு வருஷம் போனால், 'நீயாவது வேறு வேலை பார்' என்று பிள்ளையிடம் சொல்லத்தானே செய்வார்கள்? தூணுக்கு எண் போட்டு லாரியில் ஏற்றிவிடலாம். பானையின் சத்தம் தெரிந்த காதுக்கு எண் போட முடியாது.

அதனால் சந்தையில் ஒரு கிலுகிலுப்பை வாங்கினால், பேரம் பேசும் பெரியவர்களைக் கொஞ்சம் பார்த்துச் சிரியுங்கள். அது போதும். அவர்களே நிறுத்திக்கொள்வார்கள்.

ஒரு வழக்கு

இப்போது நீங்கள்தான் நீதிபதி.

ஒரு கட்சி சொல்கிறது: 'வீட்டை அதன் ஊரிலிருந்து பிடுங்குவது தப்பு. செட்டிநாட்டு வீடு செம்மண் பூமியில், ஊருணிக் கரையில் நிற்க வேண்டும். புதுப்பள்ளி வீட்டைச் சுற்றித் தென்னையும் மிளகுக் கொடியும் இருக்க வேண்டும். கடற்கரை மணலில் கொண்டு வந்து நிறுத்தினால் அது மேடையில் போட்ட நாடக வீடு.'

இன்னொரு கட்சி சொல்கிறது: 'ஊரிலேயே விட்டிருந்தால் இன்றைக்கு அது விறகாகவோ மேஜையாகவோ போயிருக்கும். நாடக வீடு என்றாலும் நிற்கிறதே!'

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால், முதல் பரிசு சொந்த ஊரிலேயே வீட்டைக் காப்பாற்றுகிறவர்களுக்கு. செட்டிநாட்டிலேயே சில குடும்பங்கள் வீட்டைப் பழுது பார்த்து, வெளியூர் விருந்தினர் தங்கும் இடமாக மாற்றி, அந்த வருமானத்தில் ஓடு மாற்றுகிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பிடித்தன. இரண்டாம் பரிசு தட்சிணசித்ராவுக்கு. இந்த வரிசையை நீங்கள் மாற்றிப் போட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். காரணம் மட்டும் சொல்ல வேண்டும்!

போகிறவர்கள் கவனத்துக்கு

செவ்வாய்க்கிழமை விடுமுறை. சுற்றிப் பார்க்க அரை நாளாவது வேண்டும். தரை மணலும் கல்லுமாக இருக்கும். நடக்க வசதியான செருப்பு, ஒரு தொப்பி, தண்ணீர்ப் பாட்டில் போதும். ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் ரொம்ப நல்லது.

போக முடியாதவர்களுக்கு ஒரு வேலை

முட்டுக்காடு எல்லாருக்கும் பக்கத்தில் இல்லை. பரவாயில்லை. இந்த விடுமுறையில் தாத்தா பாட்டி ஊருக்குப் போகும்போது, தெருவில் இருக்கிற ஆகப் பழைய வீடு எது என்று கேளுங்கள். வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்டு, வாசலிலிருந்து கொல்லை வரை உங்கள் காலடியால் அளந்து வரைந்துகொள்ளுங்கள். கதவு எங்கே, தூண் எத்தனை, அடுப்பு எந்தப் பக்கம், மழைத் தண்ணீர் எப்படி வெளியேறுகிறது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். தூண்களுக்கு எண் போட மறக்காதீர்கள்.

பிறகு அந்த வீட்டின் மூத்தவரிடம் மூன்று கேள்வி: இந்த மரம் எங்கிருந்து வந்தது? யார் எந்த இடத்தில் படுப்பார்கள்? இந்த வாசலைத் தாண்டி யாரெல்லாம் உள்ளே வரக் கூடாது என்று வைத்திருந்தார்கள்? மூன்றாவது கேள்விக்குச் சிலர் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுவார்கள். அதையும் வரைபடத்துக்குக் கீழே குறித்துக்கொள்ளுங்கள், தேதியோடு.